ஜெபமா, கவுன்சலிங்கா, மாத்திரையா? பெங்களூரில் நான் சுற்றிய நாலு வாசல்கள்

போன வருடம் ஜூலையில் ஒரு சாயங்காலம். கம்பெனி பஸ் மாரத்தஹள்ளி பாலத்துக்கு முன்னால் முக்கால் மணி நேரமாக நகரவில்லை. எனக்கு மாரடைப்பு வந்துவிட்டது என்று நானே முடிவு செய்தேன். நெஞ்சு படபடப்பு, விரல் நுனியெல்லாம் மரமரப்பு, மூச்சு பாதியில் நின்றுவிடுகிற மாதிரி. பக்கத்து சீட் பையன் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். இ.சி.ஜி. சுத்தம், ரத்தப் பரிசோதனை சுத்தம். "டென்ஷன் சார், ரெஸ்ட் எடுங்க" என்று டூட்டி டாக்டர் அனுப்பிவிட்டார். அடுத்த மூன்று வாரத்தில் அதே மாரடைப்பு நான்கு முறை வந்தது.

நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்காரன். பதினாறு வருடமாக பெங்களூர் லிங்கராஜபுரம். ஞாயிறு ஆராதனை தப்பாது, பாடகர் குழுவில் டெனர். என்னைப் போன்ற ஒரு தமிழ் விசுவாசிக்கு மனசு சரியில்லை என்றால் இந்த ஊரில் போக நாலு வாசல் உண்டு: சபை, கிறிஸ்தவ ஆலோசகர், மத அடையாளம் இல்லாத சைக்காலஜிஸ்ட், மனநல மருத்துவர். நாலிலும் கொஞ்சம் கொஞ்சம் ஏறி இறங்கிவிட்டேன். எது எதற்கு உதவும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் வாசல் சபைதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு போன் செய்தால் எடுக்கிற, காசு கேட்காத, என் கல்யாணத்தையும் அப்பா அடக்கத்தையும் நடத்தி வைத்த ஒரு மனிதர் எந்த கிளினிக்கிலும் கிடையாது. எங்கள் ஆயர், அதாவது சபைப் போதகர், அன்று வீட்டுக்கு வந்து முதலில் கேட்டது "ஜெபிக்கிறீங்களா" என்றல்ல. "தூங்கி எத்தனை நாளாச்சு தம்பி? சாப்பாடு இறங்குதா?" என்றுதான். அப்புறம் பைபிளில் வரும் எலியா தீர்க்கதரிசியின் கதையைச் சொன்னார். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்டவனுக்கு தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்க விட்டான், எழுப்பி இன்னொரு முறை சாப்பிடச் சொன்னான். பிறகுதான் பேச்சு. இந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் சபை என்றால் ஆயர் மட்டுமில்லை. ஜெபக் குழு இருக்கிறது, அதற்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. "பிரதருக்காக பாரத்தோடு ஜெபிச்சுக்கோங்க, வெளியில சொல்ல முடியாத பிரச்சனை" என்று ஒரு அக்கா போட்ட செய்தி, மறுநாள் காலையில் தூத்துக்குடியில் இருக்கிற என் மாமியார் காதுக்குப் போய்விட்டது. ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் போகிற செய்திக்கு வேகத்தடை கிடையாது. கத்தோலிக்கருக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி: பாவசங்கீர்த்தனத்தில், அதாவது பாவத்தை ஒப்புக்கொள்ளும்போது, கேட்டதை குருவானவர் வெளியே சொல்லவே முடியாது. விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் வியாழக்கிழமைக் கூட்டத்தைப் பார்க்கும்போது, இதில் எத்தனை பேர் அந்த ஒரு ரகசியத்துக்காக வருகிறார்களோ என்று எனக்குத் தோன்றும். புராட்டஸ்டன்ட்களான எங்களுக்கு அப்படி ஒரு பூட்டு இல்லை. ஆயரிடம் பேசினாலும் "இது உங்க வீட்டம்மாவுக்குக்கூடப் போகக் கூடாது ஐயா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு ஆபத்து வேத வசனத்தைக் கம்பாக எடுப்பவர்கள். ஒன்றுக்கும் கவலைப்படாமல் இருக்கச் சொல்லியிருக்கிறதே, உனக்கு ஏன் பயம் என்று ஒரு மூத்தவர் என்னைக் கேட்டார். பயத்தோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம். கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்கிற மாதிரி நம்புகிறவர்களுக்கு மனச்சோர்வு கூடுதலாக இருப்பதை கென்னத் பார்கமென்ட் போன்ற ஆய்வாளர்கள் பல வருடமாகக் காட்டி வருகிறார்கள். அதே பக்தி, கடவுள் கூட இருக்கிறார் என்ற பக்கமாகத் திரும்பினால் தாங்கிப் பிடிக்கிறது. ஆக, சபைக்குப் போகலாமா என்பதைவிட, அங்கே யாரிடம் போகிறோம் என்பதுதான் பெரிது. மாத்திரையை நிறுத்து, விசுவாசி என்று சொல்கிற ஊழியர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். அதில் நான் எந்தச் சமரசத்துக்கும் தயாரில்லை.

இரண்டாவது வாசலில்தான் எனக்கு ஆசை அதிகம் இருந்தது. உளவியலும் தெரிந்த, வசனமும் தெரிந்த ஒரே ஆள் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். மைசூர் பாக்கில் நெய்யும் சர்க்கரையும் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்தச் சேர்க்கைக்கு ஒரு பின்கதை உண்டு. அமெரிக்காவில் 1960களிலேயே ஃபுல்லர் இறையியல் கல்லூரி உளவியலுக்கென்று தனிப் பள்ளி தொடங்கிவிட்டது. 1970 வாக்கில் ஜே ஆடம்ஸ் என்ற போதகர் இதற்கு நேர் எதிராக, ஆலோசனைக்கு வேதம் போதும், உளவியலாளர்களிடம் வாங்க வேண்டியதில்லை என்று ஒரு இயக்கமே நடத்தினார். இந்த இரண்டு கட்சியின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று நம் ஊரில் 'கிறிஸ்தவ ஆலோசனை' என்ற ஒரே பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே இருப்பவர் எந்தக் கட்சி என்று பலகையைப் பார்த்துத் தெரியாது. நம் நாட்டு வரலாறோ வேறு மாதிரி. இங்கே சேர்த்து வைத்தவர்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்காரர்கள். மிஷனரி ஸ்டான்லி ஜோன்ஸ் 1950ல் லக்னோவில் நூர் மன்ஸில் மனநல மருத்துவமனையைத் தொடங்கினார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தில் ஒருவரும் கூடவே தங்கி சிகிச்சையில் பங்கெடுப்பார். பெங்களூரிலேயே 1960களில் மருத்துவர்களும் போதகர்களும் சேர்ந்து மெடிக்கோ பாஸ்டரல் அசோசியேஷன் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். மனநோயிலிருந்து மீண்டவர்கள் வீட்டுக்குத் திரும்புமுன் தங்கிப் பழக இடம் கொடுத்தவர்களில் அவர்கள் நாட்டிலேயே முன்னோடிகள். அந்தப் பெயரிலேயே இரண்டு பேர் இருப்பதைக் கவனியுங்கள்: ஒருவர் மருத்துவர், ஒருவர் மேய்ப்பர். இரண்டையும் ஒரே தலையில் கட்டவில்லை.

எனக்கு வாய்த்தது வேறு. பெயர் வேண்டாம். ஒரு மாடி அறை, சுவரில் வசனக் காலண்டர், மணிக்கு 1,200 ரூபாய். அன்பான மனிதர்தான். முதல் நாள் என் சின்ன வயதைக் கேட்டார். இரண்டாம் நாள் என் தாத்தாவுக்கு அப்பா ரட்சிக்கப்படுவதற்கு முன் எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்று கேட்டு, தலைமுறை சாபம் என்று ஒரு குடும்ப மரம் வரைந்தார். மூன்றாம் நாள் மூச்சுப் பயிற்சி. பஸ்ஸில் எனக்கு என்ன நடக்கிறது என்பதை மட்டும் கடைசிவரை கேட்கவில்லை. படிப்பு என்ன என்று நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்க வெட்கம். மூன்று மாதச் சான்றிதழ் என்பது பிறகுதான் தெரிந்தது.

இதே வாசலில் நல்லவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி முடித்து, தானும் விசுவாசியாக இருப்பவர் கிடைத்தால் அது பாக்கியம். ஆனால் அங்கே உங்களைக் குணப்படுத்துவது அந்த எம்.ஃபில்.தான்; ஞானஸ்நானச் சான்றிதழ் இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்பவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின், அதாவது ஆர்.சி.ஐ.யின் பதிவு எண் இருக்க வேண்டும். அதைக் கேட்டால் நல்லவர்கள் கோபிக்க மாட்டார்கள். வெறும் 'கவுன்சலர்' என்ற பலகையை மாட்ட அப்படி எந்தக் கெடுபிடியும் இல்லாமலே இவ்வளவு நாள் ஓடிவிட்டது.

மூன்றாவது வாசலுக்கு நான் வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். என் மனைவியோடு வேலை பார்க்கிறவர் சொன்ன இடம். அந்த மேடம் கோலார் தங்கவயல் தமிழ் பேசினார். மேசையில் ஒரு குட்டிப் பிள்ளையார். என் நம்பிக்கையைப் பற்றி இவரிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று உட்காரும்போதே நினைத்துக்கொண்டேன். இருபது நிமிடம்கூட அந்தத் தீர்மானம் நிற்கவில்லை.

அவர் பஸ்ஸைப் பற்றித்தான் கேட்டார். எந்த சீட், எந்த சிக்னல், முதலில் உடம்பில் எங்கே தொடங்கும், அப்போது மனதில் ஓடும் வாக்கியம் என்ன. அப்புறம் காகிதத்தில் ஒரு வட்டம் போட்டார். நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கிறது, நான் அதை மாரடைப்பு என்று படிக்கிறேன், பயப்படுகிறேன், பயந்ததால் இன்னும் வேகமாக அடிக்கிறது. படபடப்பைப் பார்த்துப் பயம், பயத்தைப் பார்த்துப் படபடப்பு. அடுத்த வாரம் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடம் வேண்டுமென்றே வேகமாக மூச்சு விடச் சொன்னார். நாற்பதாவது விநாடியில் அதே மரமரப்பு, அதே தலைசுற்றல். ஃபேன் சத்தத்தில், பிள்ளையார் பார்க்க, என் மாரடைப்பை நானே வரவழைத்திருந்தேன். இரண்டு நிமிடத்தில் அது தானாக இறங்கியது. "பாத்தீங்களா, நீங்க ஒண்ணுமே பண்ணல, அதுவா போச்சு" என்றார். அந்த ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

விஷயம் அதற்கப்புறம்தான் வந்தது. பஸ்ஸில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டார். பைபிளில் ஆண்டவர் காப்பாற்றுவார் என்று சொல்கிற சங்கீதம் 91 சொல்லிக்கொண்டே போவேன், ஏறுகிற இடத்திலிருந்து இறங்குகிற இடம் வரை என்றேன்.

"சொல்லாம ஏறினா?"

"ஏற மாட்டேன் மேடம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நான் இதைக் கேக்கலாமான்னு தெரியல. அது ஜெபமா சார், தாயத்தா? உங்க ஆயருகிட்டயே கேட்டுப் பாருங்களேன்."

எனக்குக் கோபம் வந்தது. என் மனைவி ஓலா வரும்வரை படிக்கட்டில் நின்று என்னைச் சமாதானப்படுத்தினாள். இவர் பிள்ளையாரை மேசையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறாரே என்ற எரிச்சலோடு ஆயரிடம் போய்ச் சொன்னேன். ஆயர் சிரித்துவிட்டார். "தம்பி, சாத்தான் ஆண்டவரைத் தேவாலயத்து உப்பரிகை மேல நிறுத்திக் குதிக்கச் சொன்னான்ல, அப்ப எந்த வசனத்தைச் சொன்னான்? அதே 91ஆம் சங்கீதம்தான். ஆண்டவர் அதை காரன்ட்டி கார்டா எடுத்துக்கிட்டாரா? அந்தம்மா சரியாத்தான் கேட்டிருக்காங்க."

சைக்காலஜிஸ்டுகள் இதைப் பாதுகாப்பு நடத்தை என்கிறார்கள். தண்ணீர் பாட்டில், கதவோரச் சீட்டு, பையில் ஒரு மாத்திரை என்று எதையாவது பிடித்துக்கொண்டே போனால், அது இல்லாமலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதை மனசு கற்றுக்கொள்ளவே கற்றுக்கொள்ளாது. என் விஷயத்தில் அந்த பாட்டில் ஒரு சங்கீதமாக இருந்தது. ஒருவரையொருவர் பார்த்திராத இரண்டு பேர் ஆளுக்குப் பாதியாக இதை எனக்கு விளங்க வைத்தார்கள். இரண்டையும் சேர்க்கிற வேலை எனக்குள்தான் நடந்தது. ஒரே ஆளிடம் இரண்டும் கிடைக்க வேண்டும் என்று அலைந்தது வீண் அலைச்சல் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

ஆய்வும் ஏறத்தாழ இதைத்தான் சொல்கிறது. டியூக் பல்கலைக்கழகத்தின் ஹெரால்ட் கோனிக் குழு 2015ல் வெளியிட்ட ஒரு ஆய்வில், நாள்பட்ட உடல்நோயோடு மனச்சோர்வும் இருந்த 132 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சி.பி.டி., அதாவது ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய, எண்ணங்களைச் சோதித்துத் திருத்துகிற பேச்சு சிகிச்சை. மறு பாதிக்கு அதே சி.பி.டி., ஆனால் அவரவர் மத நம்பிக்கையைச் சேர்த்து. இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு முன்னேற்றம். பக்தி அதிகமுள்ளவர்களுக்கு மதம் சேர்த்தது சற்றுக் கூடுதலாக உதவியது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் நம்பிக்கை இல்லாத சைக்காலஜிஸ்டிடம் போனால் பலன் இருக்காது என்று பயப்படுகிறவர்களுக்கு இது போதும். நான் கேட்பது ஒன்றுதான்: என் நம்பிக்கையை நோயாகவும் பார்க்கக் கூடாது, தொடக்கூடாத கண்ணாடிப் பாத்திரமாகவும் பார்க்கக் கூடாது. இரண்டாவது சந்திப்புக்குள் அது தெரிந்துவிடும்.

செலவு ஒரு கேள்விதான். நான் விசாரித்த வரை தனியார் இடங்களில் ஒரு சந்திப்புக்கு 1,000 முதல் 2,500 ரூபாய் கேட்டார்கள். எட்டுப் பத்து தடவை போக வேண்டியிருக்கும். 2017 மனநலச் சட்டம், மற்ற நோய்களுக்குப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் காசு தரும், வாராவாரம் போய்ப் பேசுவதற்குத் தராது. காசு இல்லை, தமிழில் பேச வேண்டும் என்பவர்களுக்கு டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவி இருக்கிறது. எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு சேவை, இலவசம், தமிழும் உண்டு. மொழி சாதாரண விஷயமில்லை. ஆபீஸ் கணக்கை நான் இங்கிலீஷில் பேசுவேன். பயத்தை இங்கிலீஷில் சொன்னால் அது வேறு யாருடைய பயமோ போல ஆகிவிடுகிறது.

நாலாவது வாசல் மாத்திரை. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இதில் தேர்ந்தெடுக்க அவ்வளவு இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் விருப்பமில்லாமல், வேலைக்கே போக முடியவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்த்துவிடுவதுதான் முறை. முதலில் தைராய்டு பார்க்கச் சொல்லுவார். தைராய்டு குறைந்தால் வருகிற சோர்வு அச்சு அசலாக மனச்சோர்வு போலவே இருக்கும். எந்த ஜெபமும் எந்தக் கவுன்சலிங்கும் அதைக் கண்டுபிடிக்காது. மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்; முதல் வாரத்தில் வயிற்றைப் புரட்டலாம். சரியாக அந்த வாரத்தில்தான் நம் ஆட்கள் நிறுத்திவிடுவார்கள். கோரமங்களா செயின்ட் ஜான்ஸ் ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு உண்டு. கத்தோலிக்க நிறுவனம் என்பதால் சிலருக்கு அங்கே போகக் கூச்சம் குறைவு. ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் என்கிற மத்திய அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. கூட்டம் நெரியும், ஓ.பி. சீட்டுக்குக் காலையிலேயே போக வேண்டும், ஆனால் கட்டணம் குறைவு. 'நிம்ஹான்ஸ் கேஸ்' என்று இந்த ஊரில் கிண்டல் செய்வது வழக்கமாகிவிட்டதால் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. அதே நிம்ஹான்ஸ் முன்னின்று 2015-16ல் 12 மாநிலங்களில் நடத்திய கணக்கெடுப்பில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. எங்கள் ஆராதனையில் இருநூறு பேர் உட்காருகிறோம். கேலி செய்கிற இருபது பேர் தாங்களே அந்தக் கணக்கில் இருக்கலாம்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துவிட்டால் இந்த ஒப்பீட்டையெல்லாம் மூடி வைத்துவிடுங்கள். நிம்ஹான்ஸில் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கும். ஆயரையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஆட்டோவில் ஜெபிக்கட்டும்.

அப்படியானால் நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்? துக்கம், குற்ற உணர்வு, மன்னிக்க முடியாத அண்ணன் தம்பிச் சண்டை என்றால் ஆயர்தான். அதற்கு சைக்காலஜிஸ்டிடம் போய்ப் பணம் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. திடீர் பயம், கெட்டுப்போன தூக்கம், பஸ் ஏற முடியவில்லை, லிஃப்டில் நிற்க முடியவில்லை என்றால் பதிவு எண் உள்ள சைக்காலஜிஸ்ட். அவர் எந்தச் சாமியைக் கும்பிட்டால் எனக்கென்ன. கல்யாணப் பிரச்சனைக்கு மட்டும் படிப்புள்ள கிறிஸ்தவ ஆலோசகரைத் தேடுவேன், ஏனென்றால் அங்கே இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு அளவுகோல் தேவைப்படுகிறது.

இந்தக் கணக்குக்குள் அடங்காத ஒன்றும் உண்டு. என் தங்கச்சி மகன் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் பி.ஜி.யில் தங்கி வேலை பார்க்கிறான். அவன் சொல்லச் சொன்னதால் எழுதுகிறேன். பரிசுத்த ஆவிக்கு விரோதமாகத் தூஷணம் சொல்லிவிட்டேனோ, எனக்கு மன்னிப்பே இல்லையோ என்று ஒரு பயம். ஜெபத்தில் ஒரு வார்த்தை தடுக்கினாலும் முதலிலிருந்து தொடங்குவான். ஒரு ராத்திரி ஜெபம் மூன்று மணி நேரம் போகும். எங்கள் ஆயருக்கு ஒரு நாளில் இருபது மெசேஜ். அவர் பாவம், ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக, இல்லை மகனே, பயப்படுகிறவனே அந்தப் பாவத்தைச் செய்யாதவன்தான் என்று பதில் போடுவார். பத்து நிமிடம் நிம்மதி. அப்புறம் அடுத்த மெசேஜ்.

இது பக்தியின் உடை போட்டுக்கொண்டு வருகிற ஓ.சி.டி., அதாவது ஒரு பயம் விடாமல் துரத்த, அதை அடக்க ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற நோய். கை கழுவுகிறவனுக்குச் சோப்பு எடுத்துக் கொடுப்பதும் இவனுக்கு ஆறுதல் மெசேஜ் போடுவதும் ஒரே வேலைதான் என்று மேடம் விளக்கினார். சபை மட்டும் என்றால் ஆறுதலே தீனியாகிவிடும். சைக்காலஜிஸ்ட் மட்டும் என்றால், பதில் தராமல் பயத்தைத் தாங்கச் சொல்வதை, இவர் என்னை நரகத்துக்கு அனுப்பப் பார்க்கிறார் என்று அவன் எடுத்துக்கொள்வான். இங்கே மட்டும் இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசியே ஆக வேண்டியிருந்தது. அவன் கையெழுத்துப் போட்டு அனுமதி கொடுத்த பிறகு மேடம் ஆயருக்கு போன் செய்தார். மனநல மருத்துவர் ஒருவர் மாத்திரையும் தொடங்கினார். முடிவானது இதுதான்: ஜெபம் ராத்திரியில் பத்து நிமிடம், தடுக்கினாலும் திரும்பத் தொடங்கக் கூடாது. ஆயர் வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிறு ஆராதனை முடிந்து, காப்பி குடிக்கும் நேரத்தில் மட்டும் பேசுவார்; அதிலும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

முதல் வாரம் ஆயர் பதில் போடாமல் விட்ட மெசேஜ்கள் 94. அவருக்கே அது பெரிய வேதனை, என்னிடம் சொல்லிக்கொண்டார். போன வாரம் பதினொன்று. அதில் நாலு, மேட்ச் பார்த்தீங்களா ஐயா என்று கேட்டு வந்தவை.